ரிப்போர்ட்டின் கடைசி வரி

ஸ்கேன் அறையில் வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும். வயிற்றில் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, வலது விலாவுக்குக் கீழே கருவியை அழுத்தி, “மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க” என்பார் டாக்டர். திரையில் இரண்டு உறுப்புகள் அடுத்தடுத்துத் தெரியும். ஒன்று கல்லீரல், இன்னொன்று வலது சிறுநீரகம். ஆரோக்கியமான உடம்பில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிட்டால் அது மட்டும் வெளுத்துப் பளிச்சென்று தெரியும். பக்கத்துச் சிறுநீரகம் கறுத்துப் போனதுபோலத் தோன்றும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ரிப்போர்ட்டின் கடைசியில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று எழுதுகிறார்கள்.

இந்த வரியைத் தேடி யாரும் ஸ்கேனுக்குப் போவதில்லை. சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்கிறது, வலது பக்கம் விலாவுக்கு அடியில் கனமாக இருக்கிறது, ராத்திரியில் நெஞ்செரிச்சல் தூங்கவிடுவதில்லை என்று வேறு ஏதோ தொந்தரவுக்காகப் போகிறார்கள். கேட்காத கேள்விக்குப் பதிலாக இந்த வரி கையில் கிடைக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். “கிரேடு ஒண்ணுதானே, எல்லாருக்கும் இருக்கிறதுதான்” என்று ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடும். இல்லையென்றால், “ஈரல் கெட்டுப்போச்சாம்” என்று வீடே பதறி, அன்றிலிருந்து சமையலில் எண்ணெய் நிறுத்தப்பட்டு, யாரோ சொன்ன டானிக் மேசைக்கு வந்துவிடும். அலட்சியம், பதற்றம் இரண்டுமே நோயாளிக்கு நல்லதல்ல. வயிற்றுத் தொந்தரவையும் ஈரல் கொழுப்பையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்தால் இரண்டுக்குமே வழி கிடைக்கும்.

வலிப்பது எது?

கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரை கிலோ எடையுள்ள உறுப்பு. வலது விலா எலும்புகளுக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அதன் சதைக்குள் வலியை உணரும் நரம்புகள் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்குத்தான் அந்த உணர்வு உண்டு. தலையணை உறைக்குள் பஞ்சை அதிகமாகத் திணித்தால் தையல் இழுபடுவதுபோல, கொழுப்பு சேர்ந்து கல்லீரல் பெருத்தால் அந்த உறை இழுபடும். சிலருக்கு வலது மேல்வயிற்றில் மந்தமான ஒரு கனம் தெரிவது இதனால்தான். பெரும்பாலோருக்கு அதுகூட இருப்பதில்லை. பல வருடங்கள் சத்தமே இல்லாமல் இருக்கும் நோய் இது.

அதனால், குத்துகிற வலியோ பிடித்து இழுக்கிற வலியோ இருந்தால் முதலில் வேறு காரணங்களைத்தான் பார்க்க வேண்டும். பிரியாணி, பூரி மாதிரி கனமான சாப்பாட்டுக்குப் பிறகு வலது மேல்வயிற்றில் தொடங்கி, வலது தோள்பட்டை வரை ஏறி, அரை மணி நேரத்துக்கும் மேல் விடாமல் இருந்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். நடு மேல்வயிற்றில் எரிச்சல், புளித்த ஏப்பம் என்றால் அமிலத் தொந்தரவோ அல்சரோ காரணமாகலாம். வயிறு உப்பி, மலம் கழித்ததும் லேசானால் குடல் பிரச்சினை. முதுகுக்கு ஊடுருவும் கடும் வலியும் வாந்தியும் கணைய அழற்சியின் அடையாளங்கள். விலாவை விரலால் அழுத்தினால் அதே இடத்தில் சுரீரென்றால் தசைப்பிடிப்பு. மேல்வயிற்றில் பாரமும் கூடவே வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால் ‘கேஸ்’ என்று ஓம வாட்டர் குடித்துக் காத்திருக்கக் கூடாது. மாரடைப்பும் அப்படி வரலாம்.

வயிறு வலித்து ஸ்கேன் எடுத்தபோது கொழுப்பு தெரிந்தது, ஆகவே வலிக்குக் காரணம் கொழுப்புதான் என்ற முடிவு காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அந்த முடிவோடு நின்றுவிட்டால் பித்தப்பைக் கல்லோ அல்சரோ கவனிக்கப்படாமல் போகும். ஈரல் கொழுப்பும் பித்தப்பைக் கல்லும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பதும் சாதாரணம். அதிக எடை, சர்க்கரை நோய் ஆகியவை இரண்டுக்கும் பொதுவான காரணங்கள்.

வாத்துக்கு யாரும் நெய் ஊட்டவில்லை

எண்ணெயை நிறுத்தினால் ஈரல் கொழுப்பு கரைந்துவிடும் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. பிரான்ஸ் நாட்டின் ஒரு பழைய உணவு அதற்கு நேர்மாறான பாடத்தைச் சொல்கிறது.

கொழுத்த வாத்து ஈரலை அங்கே விலையுயர்ந்த பண்டமாகச் சாப்பிடுகிறார்கள். அந்த ஈரலைக் கொழுக்க வைக்க வாத்துக்குப் புகட்டுவது பெரும்பாலும் மக்காச்சோளம். சில வாரங்களில் அதன் ஈரல் பல மடங்கு பெருத்து மஞ்சளாகிவிடுகிறது. பண்டைய ரோமானியர்கள் இதே வேலைக்கு அத்திப்பழத்தைப் பயன்படுத்தினார்கள். லத்தீன் மொழியில் அத்திப்பழத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் இன்று இத்தாலிய மொழியிலும் பிரெஞ்சிலும் ஸ்பானிய மொழியிலும் ஈரலுக்கான பெயரே பிறந்திருக்கிறது. மாவும் இனிப்புமே ஈரலைக் கொழுக்க வைக்கும் என்பதை அந்தச் சமையற்காரர்கள் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

மனித உடம்பிலும் கணக்கு இதுதான். சாப்பிட்ட மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. உடனடித் தேவை போக மீதியைக் கல்லீரல் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சேமிக்கிறது. அந்தக் கிடங்கு சிறியது, சுமார் 100 கிராம்தான் கொள்ளும். அது நிரம்பிய பிறகும் சர்க்கரை வந்துகொண்டே இருந்தால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றத் தொடங்குகிறது. இன்னொரு பக்கம், தொப்பைக்குள் குடலைச் சுற்றிப் படிந்திருக்கும் கொழுப்பு, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் ஓயாமல் கரைந்து ரத்தத்தில் கலந்து ஈரலுக்கு வந்து சேர்கிறது.

எந்த வழியில் எவ்வளவு கொழுப்பு வருகிறது என்பதை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து 2005-ல் வெளியிட்டார்கள். அடையாளமிட்ட மூலக்கூறுகளை நோயாளிகளுக்குக் கொடுத்து, பிறகு அவர்களுடைய ஈரல் துணுக்கில் அவற்றைத் தேடினார்கள். ஈரலிலிருந்த கொழுப்பில் ஏறக்குறைய 59 சதவீதம் உடம்பின் மற்ற இடங்களிலிருந்து ரத்தம் வழியே வந்தது. 26 சதவீதத்தை ஈரலே சர்க்கரையிலிருந்து தயாரித்திருந்தது. உணவிலுள்ள எண்ணெயிலிருந்தும் நெய்யிலிருந்தும் நேரடியாக வந்தது 15 சதவீதம்தான்.

இதற்காக வடை, பஜ்ஜியைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. அவையும் எடையை ஏற்றும், தொப்பையை வளர்க்கும். ஆனால் எண்ணெயை மட்டும் நிறுத்திவிட்டு, காலையில் ஆறு இட்லி, நாலு வேளை சர்க்கரை போட்ட டீ, கூடவே பிஸ்கட், மதியம் குவித்த சோறு, சாயங்காலம் பழ ஜூஸ், ராத்திரி மறுபடி தோசை என்று ஓடும் நாளில் ஈரல் கொழுப்பு குறையாது. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்த ஆய்வு 2025-ல் கணக்கிட்டது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வு அது.

மாற்றம் எவ்வளவு வேகமாக வரும் என்பதற்கு ஸ்வீடனில் நடந்த ஒரு சோதனை உண்டு. ஆரோக்கியமான 18 இளம் வயதினர் நான்கு வாரங்கள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கலோரி சாப்பிட்டார்கள். பெரும்பகுதி துரித உணவு. நடப்பதையும் குறைத்துக்கொண்டார்கள். ஒரே வாரத்தில் பலருடைய ரத்தத்தில் ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு ஏறத் தொடங்கிவிட்டது. சர்க்கரை அதிகம் உட்கொண்டவர்களுக்கு அந்த ஏற்றமும் அதிகம். ஆய்வு 2008-ல் வெளியானது.

ஒல்லியானவருக்கும் ஏன் வருகிறது?

“ஆள் ஒல்லிதான், இவருக்கு எப்படி?” என்று கேட்காத குடும்பம் இல்லை. இதற்கு இரண்டு டாக்டர்களின் புகைப்படம் பதில் சொல்கிறது. புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம், 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் அச்சுப் பிசகாமல் 22.3. உடம்பிலிருந்த கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பிஎம்ஐ ஒன்றுதான். ஒருவர் உடம்பில் தசை அதிகம், இன்னொருவர் உடம்பில் கொழுப்பு அதிகம்.

தெற்காசிய உடம்பின் இயல்பு இது. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கும். எடைக் கருவி காட்டாததை டெய்லர் டேப் காட்டிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின், டேப்பை இறுக்காமல் சுற்ற வேண்டும். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. பேன்ட் சைஸை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. தொப்பை வளர வளரப் பேன்ட் கீழே இறங்கிக்கொண்டே போகும். பத்து வருடமாக அதே 34 சைஸ் போடுகிறவரின் வயிற்றை டேப்பால் அளந்தால் 40 அங்குலம்கூட இருக்கலாம்.

சென்னை நகரவாசிகளிடையே நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வில் 32 சதவீதம் பேருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது 2009-லேயே பதிவாகியிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளிடையே இது பாதிக்கும் மேல். இந்தியா முழுக்க நடந்த பல ஆய்வுகளை டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2022-ல் ஒன்றாகத் தொகுத்தபோது, பெரியவர்களில் ஏறக்குறைய 38 சதவீதம் என்ற கணக்கு வந்தது. ஹைதராபாத்தில் 345 ஐ.டி. ஊழியர்களைச் சோதித்து 2025-ல் வெளியான ஆய்விலோ 84 சதவீதம் பேருக்கு இருந்தது. நாளெல்லாம் நாற்காலி, ராத்திரி ஷிஃப்ட், வேளை தவறிய சாப்பாடு என்று வாழும் கூட்டம் அது.

குடிக்காதவரின் ஈரல்

“குடிக்கிறவனுக்குத்தானே ஈரல் கெடும்?” என்ற சந்தேகம் எத்தனையோ நோயாளிகளை வாய் திறக்கவிடாமல் செய்திருக்கிறது. பாட்டிலைத் தொட்டே பார்க்காத ஒரு பெண், ரிப்போர்ட்டை உறவினர்களிடம் காட்டக் கூசுகிறார். மருத்துவ உலகத்திலும் ஒரு காலத்தில் இதே சந்தேகம் இருந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நோய்க்கூறியல் நிபுணர் யூர்கன் லுட்விக், 20 நோயாளிகளின் ஈரல் துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது குடிகாரர்களின் ஈரலில் காணும் அதே கொழுப்பும் அழற்சியும் தெரிந்தன. ஆனால் அவர்களுக்குக் குடிப்பழக்கம் இல்லை. பெரும்பாலோர் பருத்த உடம்புக்காரர்கள், பலருக்குச் சர்க்கரை நோய். 1980-ல் அவர் இதற்கு, மதுவால் வராத ஈரல் அழற்சி என்று பொருள்படும் பெயரை வைத்தார்.

பெயரில் ‘மது’ ஒட்டிக்கொண்டிருந்ததே களங்கமாக உணரப்பட்டதால், 2023-ல் உலக அளவில் ஈரல் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து அதை மாற்றின. ‘வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு தொடர்புடைய ஈரல் கொழுப்பு நோய்’ என்பது புதிய பெயரின் பொருள். சில ரிப்போர்ட்டுகளில் ‘மாசில்டி’ என்ற சுருக்கத்தைப் பார்க்கலாம். கொழுப்பு சேர்ந்த ஈரலுக்கு மது கூடுதல் சுமை என்பதில் மாற்றமில்லை. இந்த வரி ரிப்போர்ட்டில் வந்தவர் குடிப்பவராக இருந்தால் அன்றோடு நிறுத்திவிடுவது நல்லது.

கிரேடு வேறு, தழும்பு வேறு

கிரேடு 1, 2, 3 என்பது கொழுப்பின் அளவுக்கான ஒரு கண்மதிப்பு. ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அது சொல்லாது. உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி, ஈரலில் தழும்பு விழத் தொடங்கிவிட்டதா என்பதுதான். கொழுப்பு மட்டும் இருக்கும் ஈரல் பலருக்குக் கடைசிவரை அப்படியே இருந்துவிடும். சிலருக்கு அது அழற்சியாகி, தழும்பாகி, வருடக்கணக்கில் முற்றி, ஈரல் சுருங்கும் சிரோசிஸில் முடியும். அங்கிருந்து புற்றுநோயும் வரலாம். தழும்பு ஒரு படி ஏற, வெறும் கொழுப்பு மட்டும் உள்ளவருக்குச் சராசரியாக 14 வருடங்களும், அழற்சியும் உள்ளவருக்கு 7 வருடங்களும் ஆவதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. திருத்திக்கொள்ள இந்த நோய் நீண்ட அவகாசம் தருகிறது.

தழும்பை மதிப்பிட முதல் படியாக ‘ஃபிப்-4’ என்ற கணக்கு இருக்கிறது. வயது, ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் ஆகிய நான்கும் போதும். 48 வயதுக்காரர் ஒருவருக்கு எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 55, பிளேட்லெட் 2.2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வயதையும் எஸ்ஜிஓடியையும் பெருக்கினால் 1,920. எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம் ஏறத்தாழ 7.4. அதை ஆயிரக் கணக்கிலான பிளேட்லெட்டான 220 ஆல் பெருக்கினால் சுமார் 1,630. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 1.18 வரும். 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 2.67-க்கு மேலே போனால் ஈரல் நிபுணரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நடுவில் இருந்தால் ‘ஃபைப்ரோஸ்கேன்’ எடுக்கச் சொல்வார்கள். ஊசி, கத்தி எதுவும் இல்லாமல் விலாவின் மேல் வைத்து ஒரு அதிர்வை அனுப்பி, ஈரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் சோதனை அது. 35 வயதுக்குக் கீழும் 65-க்கு மேலும் உள்ளவர்களுக்கு ஃபிப்-4 அப்படியே பொருந்தாது என்பதால் டாக்டரே முடிவு சொல்ல வேண்டும்.

எஸ்ஜிபிடி நார்மலாக இருப்பதாலேயே நிம்மதியாகிவிட முடியாது. அளவு சரியாக இருப்பவர்களுக்கும் தழும்பு இருக்கக்கூடும். இன்னொரு விஷயம், இந்த நோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் இதய நோய்க்குத்தான். அதனால் ஈரல் ரிப்போர்ட்டோடு சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பத்து சதவீதம்

கியூபாவின் தலைநகர் ஹவானாவில், ஈரல் அழற்சி உறுதியான 293 பேரை ஒரு வருடம் உணவு மாற்றத்திலும் உடற்பயிற்சியிலும் வைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் ஈரல் துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. எடையில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சியே மறைந்திருந்தது. 45 சதவீதம் பேருக்குத் தழும்புகூடப் பின்வாங்கியிருந்தது. அத்தனை எடை குறைத்தவர்கள் பத்தில் ஒருவர்தான் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அது சுலபமான காரியமல்ல. 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு இறங்கத் தொடங்கிவிடும். 80 கிலோ எடை உள்ளவருக்கு அது 4 கிலோ.

பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைக்கப் பார்த்தால் பித்தப்பையில் கல் சேரலாம். வாரத்துக்கு அரை கிலோ போதும். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியலும் கூட்டும் சுண்டலும் முட்டையும் மீனும் வரட்டும். டீ, காபியில் சர்க்கரை வேண்டாம். குளிர்பானமும் பழ ஜூஸும் வேண்டாம், பழத்தைப் பழமாகவே கடித்துச் சாப்பிடலாம். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள் முடிந்தால் நெஞ்செரிச்சலும் குறையும். வாரத்தில் 150 நிமிடம் மூச்சு வாங்கும் வேகத்தில் நடந்தால், எடை இறங்காவிட்டாலும் ஈரலில் கொழுப்பு குறைகிறது. காபி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சர்க்கரை போடாத ஃபில்டர் காபிப் பிரியர்களுக்கு நல்ல செய்தி.

மாத்திரை கேட்பவர்களுக்கு: அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம் என்ற மருந்தையும், 2025 ஆகஸ்டில் செமாக்ளூட்டைடு ஊசியையும் இந்த நோய்க்கு அனுமதித்தது. இரண்டும் அழற்சியோடு தழும்பும் கணிசமாக உள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் உணவு, உடற்பயிற்சியோடு சேர்த்து. தழும்பு இல்லாமல் கொழுப்பு மட்டும் உள்ளவர்களுக்கு அவை தேவைப்படாது. கீழாநெல்லியைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1988-ல் லான்செட்டில் எழுதியது ஹெபடைடிஸ்-பி கிருமியைப் பற்றி. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலனும் உறுதிப்படவில்லை. ஈரல் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்ட முடியாது. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத ‘லிவர் டானிக்’ ஏற்கெனவே சுமையோடு இருக்கும் ஈரலுக்கு இன்னொரு சுமையாகலாம்.

கண் மஞ்சளாவது, வயிற்றில் நீர் கோத்து ஊதுவது, கால் வீக்கம், ரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காரணம் தெரியாமல் எடை குறைந்தாலோ, காய்ச்சலோடு வயிறு வலித்தாலோ, ‘ஃபேட்டி லிவர்தான்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

மற்றவர்களுக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது. பீரோவுக்குள் போன அந்த ரிப்போர்ட்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். அதில் இன்றைய தேதி, எடை, வயிற்றின் சுற்றளவு, ஃபிப்-4 எண் நான்கையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கலாம். கீழே கொஞ்சம் இடம் விட்டு எழுதினால், ஆறு மாதம் கழித்து அடுத்த வரியை அங்கேயே எழுதிக்கொள்ள முடியும்.